நாலு வார்த்தை வேஷம்

நவம்பர் 3, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். பாளையங்கோட்டை நண்பர்கள் நாடகக் குழு கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு நகைச்சுவை நாடகம் போடுகிறதாம். பெயர் 'வானொலி வேதமுத்து'. அறுபதுகளில் நடக்கிற கதை. பண்டிகைக்கு முந்தின நாள் நேரடி ஒலிபரப்புக்கு வரவேண்டிய நடிகர்களின் பஸ் மழையில் நின்றுவிடுகிறது. அறிவிப்பாளர் வேதமுத்து, பியூனையும் கணக்கரையும் வைத்துக்கொண்டே வானொலி நாடகத்தை ஒப்பேற்றுகிறார். நடிகர் தேர்வு சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு. வயது வரம்பு கிடையாது.

வேதமுத்து வேடத்துக்குக் 'கணீரென்ற குரல்' வேண்டுமென்று போட்டிருக்கிறது. தலைமையாசிரியராகப் பதினோரு வருடம் காலைக் கூட்டத்தில் மைக் இல்லாமல் பேசியவன் நான். கடைசி வரிசைப் பையன் வரைக்கும் கேட்கும்.

வாசலில் எங்கள் சபை வால்டர், "சுகந்தி அக்கா எப்ப வாராவ?" என்று கேட்டார். பேத்திக்குப் பல் முளைக்கிற நேரம், மகள் பெனிட்டாவால் தனியாகச் சமாளிக்க முடியாது என்றேன். உண்மைதான். ஜனவரியில் மகளின் பிரசவத்துக்காக என் மனைவி ஓசூர் போனாள். பிறகு தலை நிற்கட்டும் என்றார்கள். பிறகு தடுப்பூசி. இப்போது பல்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. துடைக்க முக்கால் மணி நேரம்.

நவம்பர் 9, சனி

தேர்வுக்குப் போய் வந்தேன். ஜெப மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு இருபது பேர் இருந்தார்கள். நாடகத்தை எழுதி இயக்குகிறவள் ஆலிஸ், தபால் அலுவலகத்தில் வேலை. எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். பழைய மரியாதை போகவில்லை.

ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னாள். மூன்று பக்கம் வாசித்துக் காட்டினேன். பியூன் வசனத்தையும் கணக்கர் வசனத்தையும் எப்படிச் சொல்ல வேண்டும் என்று நானே சொல்லிக் காட்டினேன், மற்றவர்களுக்கு உதவியாக இருக்குமே. "போதும் சார்" என்றாள் இரண்டு முறை. நேரம் குறைவு போல.

எனக்குப் பிறகு இசக்கிமுத்து என்று ஒரு இளைஞன். ஆட்டோவில் மைக் கட்டி, ஜவுளிக்கடைத் தள்ளுபடியைத் தெருத்தெருவாக அறிவிக்கிறவன். குரல் பரவாயில்லை. ழகரம் சுமார்.

திரும்பும்போது என் பணி நிறைவு விழா ஞாபகம் வந்தது. சுகந்தியை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். கூச்சப்படுவாளே என்று அவளுக்கும் சேர்த்து நானே பேசினேன். நாற்பது நிமிடம். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

நவம்பர் 11, திங்கள்

வேதமுத்து வேடம் இசக்கிமுத்துவுக்காம்.

நவம்பர் 12, செவ்வாய்

ஆலிஸ் நேரில் வந்தாள். எனக்கும் ஒரு வேடம் இருக்கிறதாம். மேடையின் இடது பக்கம் ஒரு வீட்டுக் கூடம். அங்கே பொன்னையா, தங்கம்மை என்று ஒரு தம்பதி. வானொலியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தங்கம்மைக்கு வாய் ஓயாது. பொன்னையா கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"வசனம் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"நாலு வார்த்தை சார். 'அப்படியா?', 'சரி', 'ஐயோ', கடைசில 'ஆமென்'."

"நாலு பக்கமா?"

"நாலு வார்த்தை சார்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வாசல் வரை போய்த் திரும்பி, "ஆனா மேடையில முழு நேரமும் நீங்க இருப்பீங்க. சனங்க உங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கும்" என்றாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று தெரியாதா?

மாலையில் ஓசூருக்குப் போன் செய்தேன். நாடகத்தைப் பற்றியும், இசக்கிமுத்துவின் உச்சரிப்பைப் பற்றியும், மேல்தொட்டி நிரம்பி வழிந்ததைப் பற்றியும் சொன்னேன். சுகந்தி "ம்" என்றாள். நன்றாக இருக்கிறாள்.

நவம்பர் 16, சனி

ஒப்புக்கொண்டேன். வேறென்ன, மாலை நேரத்தில் வீட்டில் செய்ய என்ன இருக்கிறது?

தங்கம்மையாக நடிப்பவர் மரிய புஷ்பம். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டு வயது மூப்பு. கணவர் இறந்து நாலு வருடம். நோயாளியைப் பார்ப்பதுபோலவே எல்லோரையும் மேலும் கீழும் பார்க்கிறார்.

நவம்பர் 23, சனி

ஒத்திகை. என்னுடைய 'ஐயோ' மிகவும் நன்றாக வந்தது என்பது என் அபிப்பிராயம். 'கொஞ்சம் குறைங்க சார்' என்பது ஆலிஸின் அபிப்பிராயம்.

இடைவேளையில் புஷ்பம் சிஸ்டர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பிள்ளை பேரு ஆலிஸ் இல்ல சார். ஆக்னஸ்."

எட்டாம் வகுப்பிலிருந்தே நான் ஆலிஸ் என்றுதான் கூப்பிடுகிறேன், அவளும் வந்துகொண்டுதானே இருக்கிறாள் என்றேன்.

"மூணு தடவ எந்திரிச்சிச் சொன்னாளாம். நீங்க 'உக்காரு ஆலிஸ்'னு சொன்னீங்களாம். அந்த வருசம் முழுக்க எல்லாப் பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டிருக்கு."

நாற்பத்தைந்து பிள்ளைகள் இருந்த வகுப்பு அது. ஒரு பெயர் மாறியிருக்கலாம்.

நவம்பர் 30, சனி

இன்று நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

இரண்டாம் காட்சி. தங்கம்மை தன் தங்கையோடு நடந்த சண்டையைச் சொல்லுவாள். நீளமான பேச்சு. அது முடிந்ததும் நான் சிரித்துக்கொண்டே "அப்படியா?" என்று சொல்ல வேண்டும். புஷ்பம் சிஸ்டர் பேசினார், நிறுத்தினார். நான் சரியான நேரத்தில், சரியான சிரிப்போடு "அப்படியா?" என்றேன்.

மண்டபமே வெடித்துச் சிரித்தது. இசக்கிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு முதலில் பெருமையாக இருந்தது.

பிறகுதான் சொன்னார்கள். சிஸ்டர் வசனத்தை மாற்றிவிட்டாராம். "ஏங்க, உங்க நாற்காலிக்குக் கீழ நல்ல பாம்பு படம் எடுத்து நிக்குது" என்று சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் நான் "அப்படியா?" என்று சிரித்திருக்கிறேன்.

இது கீழ்த்தரமான விளையாட்டு என்று சொன்னேன். சிஸ்டர் சிரிக்கவில்லை. "மூணு வாரமா பாக்கேன் சார். நான் வாய மூடுறதத்தான் நீங்க பாத்துக்கிட்டிருக்கீங்க. பேசுனது ஒண்ணும் காதுல விழல" என்றார்.

நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி.

நேற்றிலிருந்து ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது. ஜனவரியில் சுகந்தியை ரயிலேற்றிவிட்ட மாலை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் பிளாட்பாரத்தில் நின்றேன். நான் சொன்னதெல்லாம் அப்படியே நினைவிருக்கிறது: மோட்டாரை எத்தனை மணிக்குப் போட வேண்டும் என்று கேட்டேன். சிலிண்டர் புத்தகம் எந்த அலமாரியில் என்று கேட்டேன். ஓசூரில் குளிர் அதிகம், ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்றேன். ரயில் கிளம்பும்போது, "சரி சரி, போனதும் போன் பண்ணு" என்றேன்.

'சரி சரி' என்று சொல்லியிருக்கிறேன். அப்படியானால் அதற்கு முன்னால் அவள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

சுகந்தி சொன்னது:

ஒரு மணி நேரமாக இந்த வரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் வரவில்லை. அவள் வாய் அசைந்தது நினைவிருக்கிறது. நீல நிறச் சேலை. கையில் தண்ணீர் பாட்டில். சத்தம் மட்டும் இல்லை.

டிசம்பர் 4, புதன்

கனகாம்பரச் செடி முழுக்கக் காய்ந்துவிட்டது. தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன். தினமுமா என்று கேட்டால் சொல்ல முடியாது.

ஒத்திகைக்குப் போனேன். யாரும் பாம்பைப் பற்றிப் பேசவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

போன் செய்தேன். தொட்டியைப் பற்றியும் நாடகத்தைப் பற்றியும் பேசாமல், நேராகக் கேட்டேன்: "நீ கிளம்பின அன்னிக்கு, ரயில்ல உக்காந்துகிட்டு என்கிட்ட என்னமோ சொன்ன. என்ன சொன்ன?"

மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதென்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

"இப்ப எதுக்கு அது?" என்றாள்.

"சும்மாதான்."

"பிள்ளை அழுது" என்று வைத்துவிட்டாள். பிள்ளை அழுகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

டிசம்பர் 7, சனி

காலையிலேயே பெனிட்டாவிடமிருந்து போன். "நேத்து அம்மாகிட்ட என்னப்பா சொன்னீங்க? சாயங்காலம் முழுக்க அழுதுகிட்டிருந்தாங்க."

"ஒண்ணும் சொல்லலம்மா. ஒரு கேள்வி கேட்டேன். அவ்வளவுதான்."

"நீங்களா?" என்றாள் பெனிட்டா. அவள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

மதியம் சுகந்தியே கூப்பிட்டாள். அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதிவைக்கிறேன்.

"நான் அன்னிக்குச் சொன்னது இதான். 'நான் திரும்பி வரலைன்னா, உங்களுக்கு அது தெரியவே பத்து நாள் ஆகும்' அப்படின்னேன். நீங்க 'சரி சரி, போனதும் போன் பண்ணு'ன்னீங்க. பத்து நாள்னு நான் கூட்டித்தான் சொல்லுதேன்னு நினைச்சேன். பதினோரு மாசம் ஆச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இருங்க, நான் முடிக்கல" என்றாள். என் பணி நிறைவு விழாவுக்காக அவள் இரண்டு தாள் எழுதிக்கொண்டு வந்திருந்தாளாம். மூன்று நாள் இருந்து எழுதியது. அவள் நடத்தின தையல் வகுப்புப் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டிச் சரி பார்த்தாளாம். என்னைப் பற்றி நல்லதாகத்தான் எழுதியிருந்தாளாம். "கூச்ச சுபாவம்னு சொல்லி மைக்க வாங்கிக்கிட்டீங்க. இருபத்திரண்டு வருசம் முப்பது பொம்பளைகளுக்கு முன்னால நின்னு வகுப்பெடுத்தவ நான். எனக்கு என்னங்க கூச்சம்?"

அந்தத் தாள்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன்.

"அன்னிக்கே கிழிச்சிட்டேன்."

டிசம்பர் 9, திங்கள்

ஒத்திகை. நாலு வார்த்தையும் சரியாக வந்தது. வேறு எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

விடாத மழை. ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடுகிறது, ஒத்திகை கிடையாது. மதியம் மழை கொஞ்சம் வெறித்தபோது குடையோடு தபால் அலுவலகம் போனேன். கவுண்டருக்கு முன்னால் கூட்டம் இல்லை. முத்திரை குத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"ஆக்னஸ்" என்றேன்.

குத்தின கை அப்படியே நின்றது. பிறகு, "சொல்லுங்க சார்" என்றாள்.

அந்த வகுப்பில் நடந்ததற்கு வருத்தப்படுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். நல்ல வாக்கியமாக ஒன்று தயாரித்திருந்தேன். ஆனால் அவள் தானாகவே பேச ஆரம்பித்தாள். அந்தப் பெயர் அவள் பாட்டியின் பெயராம். பாட்டி அந்த வருடம்தான் தவறிப்போனாளாம். அதனால்தான் மூன்று முறை எழுந்து நின்றாளாம். நான் என் வாக்கியத்தைச் சொல்லவில்லை. அது பொருத்தமாக இருந்திருக்காது. "எனக்குத் தெரியாதும்மா" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியாதுதான் சார்" என்றாள். கோபமில்லை. ஒரு கவரை எடுத்து முத்திரை குத்தினாள்.

டிசம்பர் 17, செவ்வாய்

இப்போது தினமும் சாயங்காலம் பேசுகிறோம். அதாவது, சுகந்தி பேசுகிறாள். ஓசூரில் பெனிட்டா குடியிருக்கிற தெருவிலேயே ஒரு அறை எடுத்து ஆறு பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கிறாளாம். ஜூலையிலிருந்து நடக்கிறது. எனக்குச் சொன்னதாகச் சொல்கிறாள். இரண்டு முறை.

இன்று அவள் ஒரு மெஷின் பழுதானதைச் சொன்னபோது, அதை எப்படிச் சரிசெய்யலாம் என்று எனக்கு நாலு யோசனை வந்தது. நாலையும் விழுங்கினேன். கடைசியில் அவளே ஐந்தாவதாக ஒரு வழியில் சரிசெய்திருந்தாள்.

சும்மா கேட்டுக்கொண்டிருப்பது இவ்வளவு களைப்பு தரும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பீரியட் தொடர்ந்து எடுத்த மாதிரி இருக்கிறது.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். அதிகாலை ஆராதனைக்குப் போனேன். வாசலில் நட்சத்திர விளக்கு கட்டினேன், கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. நான் சாப்பிடுகிற மெஸ் லீவு. பத்து மணிக்கு புஷ்பம் சிஸ்டர் ஒரு தூக்குச்சட்டியில் ஆட்டுக்கறிக் குழம்பும் ஆப்பமும் கொடுத்துவிட்டுப் போனார். உட்காரவில்லை.

வீடியோவில் பேத்தியைக் காட்டினார்கள். இரண்டு பல். 28-ஆம் தேதி நாடகம், முடிந்தால் வா என்று சுகந்தியிடம் சொன்னேன். "பாப்போம்" என்றாள். வருவாள் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 28, சனி

நாடகம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். முகத்துப் பவுடரை இன்னும் கழுவவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. சுகந்தி வரவில்லை. திரை விலகியதும் முதல் ஐந்து வரிசையையும் பார்த்துவிட்டேன்.

இசக்கிமுத்து பிரமாதம். பியூன் குதிரைக் குளம்புச் சத்தத்துக்குத் தேங்காய்ச் சிரட்டையைத் தேட, வானொலி நிலையத்துச் சமையல்காரர் அதைக் குப்பையில் போட்டிருக்க, வேதமுத்து தன் கன்னத்திலேயே தட்டிக் குதிரையை ஓட்டுகிற இடத்தில் சனங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நான் அந்த வேடத்தைச் செய்திருந்தால் இவ்வளவு சிரிப்பு வந்திருக்காது. இதை எழுத எனக்கு ஒரு மாதம் பிடித்திருக்கிறது.

இரண்டாம் காட்சியில் புஷ்பம் சிஸ்டர் தங்கையோடு நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் அவ வீட்டு வாசல்ல போய் நின்னேன். கதவத் தட்டுனேன். அவ வந்து..." அதோடு நின்றுவிட்டார். நடிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவர் கண்ணைப் பார்த்தேன். வசனம் மறந்துபோயிற்று. என் பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஆக்னஸ் அடிக்குரலில் எடுத்துக் கொடுப்பது எனக்குக் கேட்டது. மழைச் சத்தத்துக்காகத் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்ததால் சிஸ்டருக்குக் கேட்கவில்லை. சனங்கள் காத்திருக்கிறார்கள்.

எனக்கு அந்த வசனம் முழுக்கத் தெரியும். நானே சொல்லி முடித்திருக்கலாம். நவம்பராக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

நாற்காலியை அவர் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டேன்: "கதவத் தொறந்து உன் தங்கச்சி என்ன சொன்னா?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். மூச்சு விட்டார். "என்ன சொன்னாளா? 'சாப்பிட்டியாக்கா'ன்னு கேட்டா. மூணு வருசமா பேசாதவ, முதல் வார்த்தையா அதக் கேட்டா" என்று விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டார். அங்கே யாரும் சிரிக்கவில்லை. மண்டபம் அவ்வளவு அமைதியாக இருந்தது. அப்புறம்தான் என்னுடைய "அப்படியா?" வரவேண்டும். சொன்னேன். சிரிப்பு வரவில்லை எனக்கு.

முடிந்ததும் ஆக்னஸ், "நாலு வார்த்தைக்கு மேல பேசக்கூடாதுன்னு சொன்னேம்லா சார்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. புஷ்பம் சிஸ்டர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். "எங்க வீட்டுக்காரரு ஒரு நாள், ஒரே ஒரு நாள், இப்படி நாற்காலிய இழுத்துப் போட்டு 'பிறகு?'ன்னு கேட்டிருந்தாருன்னா..." என்றவர் முடிக்காமல் கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டார்.

டிசம்பர் 30, திங்கள்

இசக்கிமுத்து நாடகத்தைப் போனில் படம் பிடிக்க ஏற்பாடு செய்திருந்தான். அதைப் பெனிட்டாவுக்கு அனுப்பினேன். மாலையில் சுகந்தி கூப்பிட்டாள்.

"தங்கச்சி என்ன சொன்னான்னு கேட்டீங்களே, அது எழுதி வச்சதா?"

"இல்ல."

"நீங்களா கேட்டீங்களா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். நான் ஹலோ ஹலோ என்று சொல்லவில்லை. இருக்கிறாள் என்று தெரியும்.

"சனிக்கிழமை வாரேன். ஒரு வாரந்தான். திரும்புறதுக்கும் டிக்கெட் எடுத்தாச்சு. வகுப்பு இருக்கு" என்றாள்.

ஜனவரி 4, சனி

வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள், நன்றாகவும் இருக்கிறாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்பைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். காய்ந்த கனகாம்பரத்தை வேரோடு பிடுங்கி எறிந்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானும் காரணம் சொல்லவில்லை.

ஜனவரி 6, திங்கள்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சண்டை. பழைய தலையணைகளை அவள் யாருக்கோ கொடுக்கப் போக, நான் வழக்கம்போல ஒரு பிரசங்கம் ஆரம்பித்துவிட்டேன். நடுவில் அவள் முகம் இறுகிப்போனதைப் பார்த்தேன். அந்த இறுகின முகத்தை எத்தனை வருடமாக 'ஒத்துக்கொண்டாள்' என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். நிறுத்தினேன். "நீ சொல்லு" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று எழுந்து போய்விட்டாள்.

ஒரு மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தது என் தவறு.

ஜனவரி 9, வியாழன்

காலையில் காபி குடிக்கும்போது அவளாகவே சொன்னாள். சனிக்கிழமை கட்டாயம் கிளம்புகிறாள். ஓசூரிலேயே இருந்துவிடப் போகிறாளா, திரும்ப வருவாளா என்பது அவளுக்கே இன்னும் தெரியவில்லையாம். அந்த ஆறு பெண்களில் ஒருத்தி முதல் முறையாகத் தானே தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வந்த நாளைப் பற்றிச் சொன்னாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்து வெகு காலம்.

"நானும் அங்க வந்து இருக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வந்து என்ன செய்வீங்க?"

எனக்குத் தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

முன்பென்றால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டு, ஐந்து காரணங்களை வரிசையாக எடுத்து வைத்து, மாலைக்குள் முடிவையும் நானே அறிவித்திருப்பேன். இன்று அவை ஒவ்வொன்றும் என் நாக்கு நுனியில் இருக்கின்றன. அவற்றை இங்கே எழுதிவைத்தாலாவது பாரம் குறையும். முதலாவது, பென்ஷன்காரனுக்கு எந்த ஊராக இருந்தாலென்ன. இரண்டாவது, பேத்தியோடு

கொல்லைப் பக்கத்திலிருந்து சுகந்தி கூப்பிடுகிறாள். ஏதோ சொல்ல ஆரம்பித்துவிட்டாள், இங்கிருந்து சரியாகக் கேட்கவில்லை, பக்கத்தில் போய்